அரை அங்குலத் தொய்வு

கார் என்னும் சொல்லுக்கு முகில் என்றும், மழைப்பருவம் என்றும், கருமை என்றும் பொருள் கண்டவர்கள் நம் முன்னோர். எண்ணெய் குடித்து நான்கு உருளைமேல் ஓடும் கார் பின்னாளில் கடல் கடந்து வந்து, அதே சொல்லில் குடியேறிக்கொண்டது. பழைய காரும் புதிய காரும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் காட்சியைக் காண விரும்புவோர் ஆனி, ஆடித் திங்களில் மட்டாஞ்சேரிக்கு வரவேண்டும். பஜார் சாலையின் இருபுறமும் மிளகும் சுக்கும் மணக்கும் கிடங்குகள். நடுவே கணுக்கால் அளவு மழைநீர். அந்நீரைக் கிழித்துக்கொண்டு ஒரு பழைய அம்பாசிடர் புறப்படும்போது, அதன் முன்மூடியின் கீழிருந்து ஒரு கூக்குரல் எழும். பன்றிக்குட்டியின் வாலை மிதித்தாற்போன்ற குரல். தெருவில் நிற்போர் திரும்பிப் பார்ப்பர். சிறிது தொலைவு சென்றதும் குரல் தானே அடங்கிவிடும்.

"பெல்ட் லூசாணு" என்று தேநீர்க் கடையில் அமர்ந்திருக்கும் ஒருவர் தீர்ப்பு வழங்குவார். தீர்ப்புச் சரியானதே. ஆயினும் தளர்ந்ததை இறுக்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அவர் எண்ணுவாராயின், அங்கேதான் வம்பு தொடங்குகிறது. அந்த வம்பில் எம் குடும்பம் 2015 ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஏறத்தாழ இரண்டு திங்கள் கிடந்து உழன்றது. அப்போது யாம் கண்டதையும் கேட்டதையும் இங்கே எழுதுகின்றோம்.

எம் தமக்கையார் வீட்டு அம்பாசிடர் 1972 இல் பிறந்தது. இரண்டாம் மார்க் வகை. பிறந்த ஊர் வங்கத்தில் ஊக்ளி ஆற்றங்கரையிலுள்ள உத்தரபாரா. பாட்டனார் ஆங்கிலேயர், மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை என்பது அவர் பெயர். 1950களின் இறுதியில் நம் நாட்டில் தொடங்கிய அவ்வம்சம் 2014 மே மாதத்தோடு நின்றுபோயிற்று. அத்தான் சுக்கு வாணிகர் ஒருவரிடம் கணக்கு எழுதியவர். 1979 இல் ஒரு தரகரிடமிருந்து அவ்வண்டியை விலைக்கு வாங்கினார். முப்பது ஆண்டுகள் தாமே ஓட்டினார், தாமே துடைத்தார். 2009 இல் அவர் மறைந்த பின்னரும் வண்டி வாசலில் நின்றது. அதனை விற்பதைப் பற்றி வீட்டில் எவரும் வாய் திறக்கவில்லை. துக்கம் ஒரு காரணம். அத்தானின் நினைவாக வீட்டில் எஞ்சிய பெரும்பொருள் அது ஒன்றே என்பது இன்னொரு காரணம்.

2015 இன் தொடக்கத்தில் தமக்கையாருக்கு முழங்காலில் அறுவை நடந்தது. அதன்பின் கிழமைக்கு இருமுறை எர்ணாகுளம் சென்று, காலுக்குப் பயிற்சி பெற்று வரவேண்டும். அப்போதுதான் அந்தப் பழைய வண்டியின் அருமை விளங்கிற்று. இன்றைய சிறுகார்களில் ஏறுவது குகைக்குள் நுழைவது போன்றது. முதலில் குனிய வேண்டும். பின் சரிய வேண்டும். அதன்பின் காலை மடக்கி உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். மடங்காத காலுடையவர் என் செய்வார்? ஆட்டோவோ ஒவ்வொரு குழியிலும் தூக்கிப் போடும். அம்பாசிடரின் பின்னிருக்கை நம் வீட்டுத் திண்ணை போன்றது. கதவு அகலம், இருக்கை உயரம். தமக்கையார் திண்ணையில் அமர்வது போல் அமர்ந்து, நீட்டிய காலை அப்படியே உள்ளே திருப்பிக்கொள்வார். அவர் நடக்கப் பழகுவதும் பழகாமற் போவதும் அந்த வண்டி ஓடுவதைப் பொறுத்ததாயிற்று. அத்தகைய வேளையில்தான் அது கூவத் தொடங்கியது.

கூவியது எது என்று அறியாதவர்க்காகச் சில சொற்கள். முன்மூடியைத் திறந்தால் எஞ்சினின் முகப்பில் மூன்று கப்பிகள் முக்கோணமாக நிற்பதைக் காணலாம். கீழே இருப்பது எஞ்சினின் தண்டோடு சுழல்வது. அதுவே தலைமைக் கப்பி. மேலே இருப்பது விசிறியையும் அதன் பின்னுள்ள நீரேற்றியையும் ஒருங்கே சுழற்றுவது. பக்கத்தில் இருப்பது மின்சாரம் ஆக்கும் டைனமோவினுடையது. இம்மூன்றையும் வளைத்து ஓடுகிறது ஒரு கறுத்த இரப்பர் வளையம். மெக்கானிக்குகள் அதனைப் பேன் பெல்ட் என்பர். தமிழ்ப்படுத்தும் அன்பர்கள் விசிறிப்பட்டை என்றும், இயக்கு வார் என்றும் எழுதுகின்றனர். எமக்கு 'வார்' போதும். செருப்புக்கும் வார், குதிரைக்கும் வார். மலையாளத்திலும் செருப்பின் வார் 'வாற்'தான். ஒரு சொல் இரண்டு வீட்டுக்கும் உதவுமாயின் புதுச்சொல் எதற்கு?

தேரின் அச்சாணியை வள்ளுவர் நினைவில் வைத்தார். சிறிதென்று எண்ணத் தகாதவற்றுள் இந்த வாரையும் இக்காலத்தார் சேர்த்துக்கொள்ளலாம். இது வழுக்கினால் நீரேற்றி ஓய்கிறது. ரேடியேட்டரில் நீர் சுழலாமல் எஞ்சின் கொதிக்கிறது. டைனமோ ஓய்கிறது, முகப்புப் பலகையில் சிவப்பு விளக்கு எரிகிறது, பாட்டரி இறங்குகிறது, இரவில் முன்விளக்கு அகல்விளக்காகிறது. இவை அனைத்தும் ஒருங்கே வந்தால் மெக்கானிக் சிரிப்பார். நோய் ஒன்றே என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

தமக்கையின் மகன் எர்ணாகுளத்தில் பணிபுரிபவன். அங்கேயே ஒரு பணிமனைக்கு வண்டியைக் கொண்டு சென்றான். பெயர் வேண்டா, கண்ணாடி அறையும் குளிரூட்டியும் உடைய பணிமனை என்று மட்டும் சொல்வோம். கால்மணி நேரத்தில் வாரை இறுக்கித் தந்துவிட்டனர். கூச்சல் மறைந்தது. வண்டி பூனை போல் ஓடிற்று. "பார்த்தீர்களா மாமா, எவ்வளவு எளிதாக முடிந்துவிட்டது!" என்று அவன் மகிழ்ந்தான். தமக்கையாரும் மகிழ்ந்தார். மழை பெய்துகொண்டே இருந்தது.

மூன்றாம் வாரத்தில் வேறொரு ஓசை எழுந்தது. அது கூச்சலன்று, உறுமல். உரலில் ஏதோ அரைபடுவது போன்ற தாழ்ந்த ஒலி. வண்டி நின்ற இடத்தில் காலையில் ஓர் உள்ளங்கை அளவு ஈரம் காணப்பட்டது. மழைக்காலத்தில் ஈரத்தை எவர் பொருட்படுத்துவார்? ஒருநாள் மாலை எர்ணாகுளத்திலிருந்து மீளும்போது, வெலிங்டன் தீவைக் கடந்து தோப்பும்படிப் பழைய பாலத்தில் ஏறுகையில் முன்மூடியின் இடுக்குகளில் வெண்புகை சீறிற்று. 1943 இல் கட்டிய பாலம் அது. கப்பல்கள் கடந்துசெல்ல நடுப்பகுதி மேலே எழும்படி அமைத்தது. அதன்மேல் ஆவி கக்கிக்கொண்டு ஓர் அம்பாசிடர் நின்றது. பின்னால் வண்டிகள் ஊதின. மழையில் நான்கைந்து பேர் இறங்கி வந்து தள்ளி, பாலத்தின் மறுகரையில் ஓரமாக நிறுத்திக் கொடுத்தனர். அவர்கள் யாரென்று தெரியாது, கூலியும் கேட்கவில்லை. காலை நீட்டியபடியே தமக்கையார் முக்கால் மணி நேரம் உள்ளே அமர்ந்திருந்தார். அன்றிரவு கால் வீங்கிவிட்டது.

மறுநாள் அப்பணிமனையின் ஆள் வந்து பார்த்தார். எஞ்சினின் தலை வளைந்திருக்கும் என்றார். முழுவதும் பிரித்துக் கோக்க வேண்டும் என்றார். அறுபதாயிரம் ரூபாய் ஆகலாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, இவ்வளவு பணத்தை இதில் போடுவதைவிட இரும்புக்கடைக்குக் கொடுத்துவிடுவது நலம் என்றார். மருமகன் தலைகுனிந்து நின்றான். தமக்கையார் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அவர் நடந்த நடையின் வருத்தம் எமக்கு அந்த ஆளின் கணக்கைவிடக் கனமாக இருந்தது.

கூவப்பாடம் செல்லும் வழியில் தகரக் கூரையிட்ட ஒரு சிறு பட்டறை உண்டு. அங்கே எழுபதைக் கடந்த ஒரு பெரியவர். வட்டாரத்தார் அனைவரும் 'இக்கா' என்றே அழைப்பர். யாமும் அவ்வாறே அழைப்போம். வெள்ளைத் தொப்பி, எண்ணெய்க் கறை படிந்த கைலி, வாய் நிறைய வெற்றிலை. இளமையில் துறைமுகத்தில் கயிறு பிடித்தவர். பின்னர் கார்களுக்கு வந்தவர். ஆசிரியத் தொழிலில் இருந்த எம்மை 'மாஷே' என்பார். அவரை வீட்டிற்கு அழைத்து வந்தோம்.

வந்தவர் எஞ்சினைத் தொடவே இல்லை. முதலில் ரேடியேட்டரில் நீர் நிரப்பச் சொன்னார். எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்தார். எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கவில்லை. சிறிது நேரம் எஞ்சினை ஓடவிட்டு, நீரில் குமிழி எழுகிறதா என்று நோக்கினார், எழவில்லை. "தலைக்கு ஒன்றுமில்லை" என்றார். பிறகு வாரின் நீண்ட பகுதியின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். வார் அசையவில்லை. வீணையின் நரம்பைச் சுண்டுவது போல் சுண்டினார். ஒலித்தது!

"முறுக்கம் கூடிப்போயி, மாஷே" என்றார்.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சிக்கு இடம் தருக. தமிழில் முறுக்குதல் கயிற்றுக்கும் மீசைக்கும் உரியது. மலையாளத்திலோ எதை இறுக்கினாலும் முறுக்குதலே. வெற்றிலை மெல்லுதலும் முறுக்குதலே. ஆதலால் எம் இக்கா முறுக்கிக்கொண்டே முறுக்குபவர். தளர்ச்சிக்கு அவர்கள் 'அயவு' என்பர். "இத்திரி அயவு வேணும்" என்று அவர் சொன்னபோது, பழுதான பொருளுக்கு எவரும் வேண்டாத ஒன்றை அவர் வேண்டுவதாக எமக்குத் தோன்றியது. தளர்ச்சியால் வந்த நோய்க்குத் தளர்ச்சியே மருந்தோ?

அவர் வாரைக் கழற்றினார். விசிறியின் இரு இதழ்களைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். விழப்போகும் பல்லைப் போல் அது ஆடியது. நீரேற்றியின் அடியில் ஒரு சிறு துளை இருப்பதை எம் விரலைப் பிடித்துத் தடவிக் காட்டினார். உள்ளே தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு கெட்டுவிட்டால், நீர் பேரிங்குக்குள் புகாமல் வெளியே சொட்டி அறிவிப்பதற்காகவே செய்தவர்கள் அத்துளையை வைத்திருக்கின்றனர். வாசலில் நாள்தோறும் காலையில் கண்ட ஈரம் அதுதான். மிகையாக இறுக்கிய வார் நீரேற்றியின் தண்டை இரவு பகலாக ஒருபுறம் இழுத்தது, பேரிங் தேய்ந்தது, தண்டு ஆடியது, அடைப்பு கிழிந்தது, நீர் ஒழுகியது, எஞ்சின் கொதித்தது. டைனமோவின் பேரிங்கும் அதே வழியில் பாதி தூரம் போயிருந்தது. அறுபதாயிரம் ரூபாய் நோயன்று அது. கூச்சலை அடக்க யாரோ வலிமையைக் காட்டியதன் விளைவு.

'வார் தளர்ந்தால் வழுக்குகிறது. ஆகவே இறுக்க இறுக்க நன்று' என்பது இயல்பாகத் தோன்றும் எண்ணம். தோல் வார்கள் ஓடிய காலத்தில் அது ஓரளவு உண்மையாகவும் இருந்தது. பழைய அரைவை ஆலைகளில் ஓடிய அகன்ற தட்டை வார்களைப் படிப்பவர்களுள் சிலர் பார்த்திருக்கக்கூடும். அவை கப்பியின் முதுகின்மேல் படிந்து ஓடுபவை. பிடிப்பு வேண்டுமாயின் வலிந்து இழுத்தே கட்டவேண்டும். மழைக்காலத்தில் ஈரம் ஏறித் தோல் நீளும். காரில் உள்ள வார் அத்தகையதன்று. அதன் குறுக்குவெட்டு ஆங்கில 'வி' எழுத்தின் வடிவம். கீழே குறுகி மேலே விரியும். அமெரிக்காவில் ஜான் கேட்ஸ் என்பவர் 1917 இல் இரப்பரில் செய்து புகழ் பெறச் செய்த வடிவம் அது. அந்த வார் கப்பியின் பள்ளத்தினுள் ஆப்பு இறங்குவது போல் இறங்கி, இரு பக்கச் சுவர்களையும் பற்றுகிறது. அதன் அடி பள்ளத்தின் தரையைத் தொடக் கூடாது. சுவர்களுக்கு இடைப்பட்ட கோணம் ஏறத்தாழ 40 பாகை. அதைக் கணக்கிட்டால், அதே இழுப்பில் தட்டை வாரைப் போல் மூன்று மடங்கு அளவுக்குப் பிடிப்புக் கிடைக்கிறது. அதாவது, இறுக்க வேண்டா என்பதற்காகவே அதற்கு அவ்வடிவம் தந்திருக்கின்றனர். அதை வலிந்து இறுக்குவது, செய்தவனின் அறிவைக் கையால் அழிப்பதாகும்.

இக்கா இதையெல்லாம் கணக்காகச் சொல்லவில்லை. அவர் சொன்னது படகுத் துறையின் கதை. பெரிய வள்ளம் கரையணையும்போது, கரையில் நிற்கும் சிறுவன் ஒருவன் வடத்தைக் கட்டுத்தறியில் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நிற்பானாம். வள்ளம் எவ்வளவு இழுத்தாலும் அவன் அசையமாட்டானாம். "பிடிப்பது அவனல்ல, சுற்று பிடிக்கிறது. ஆனால் இரண்டு விரலையும் எடுத்துவிட்டால் வடம் பாம்பு போல ஓடிவிடும்" என்றார். இதனையே ஆய்லர் முதலான ஐரோப்பியக் கணித அறிஞர் சூத்திரமாக்கினர். உராய்வுக் கெழு 0.3 எனக் கொண்டால், ஒரு சுற்றுக்கு ஆறரை மடங்கு; இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு; மூன்று சுற்றுக்கு 285 மடங்கு. சிறுவனின் இரண்டு விரல் இழுப்பு மூன்று சுற்றில் முந்நூறு பேரின் இழுப்புக்கு நெருங்கி வருகிறது. ஆனால் விரலின் இழுப்புச் சுழியானால், எதனால் பெருக்கினாலும் சுழியே. காரின் வாரிலும் ஓடும்போது ஒருபுறம் இறுகியும் மறுபுறம் தளர்ந்தும் இருக்கும். அந்தத் தளர்ந்த புறத்தில் இரண்டு விரல் அளவு இழுப்பு இருந்தால் போதும். அதுவும் இல்லாதபோதுதான் வார் வழுக்கிக் கூவுகிறது.

கயிற்றின் பேச்சு வந்ததால் ஒன்று நினைவுக்கு வருகிறது. கோட்டைக் கொச்சியில் வெளி என்னும் இடத்திலுள்ள சலவைத் துறையில் நம் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வெளுத்து வருகின்றனர். அவர்களுடைய முன்னோரை டச்சுக்காரர் அழைத்து வந்தனர் என்பது வரலாறு. அங்கே துணி உலர்த்தும் கொடிகளைப் பாருங்கள். கவ்வி ஒன்றும் கிடையாது. இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டி, அவற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். கடற்காற்றில் சேலை பாய்மரம் போல் புடைக்கும், ஆனால் பறக்காது. கயிறு மிகத் தளர்ந்தால் துணி நழுவும். மிக முறுகினால் விரல் நுழையாது. அந்த அளவு அவர்கள் கைக்குத் தெரியும்.

ஐந்து நாள் பட்டறையில் வேலை நடந்தது. நீரேற்றி கோயம்புத்தூரிலிருந்து பேருந்தில் பொதியாக வந்தது. 2014 க்குப் பின்னர் இவ்வண்டியின் உறுப்புகளுக்குப் பழைய சரக்கையும் பழகிய கடைக்காரரையும் நம்பியே வாழவேண்டியதாயிற்று. டைனமோவுக்குப் புதிய பேரிங் போட்டார். அந்த டைனமோவோ சென்னையை அடுத்த பாடியில், 1961 இல் நிறுவிய லூகாஸ் டி.வி.எஸ். ஆலையில் பிறந்தது. பழைய வாரைத் திருப்பிக் காட்டினார். பக்கச் சுவர்கள் கண்ணாடிபோல் பளபளத்தன. வழுக்கிய நாட்களில் சூடேறி மெருகு ஏறிவிட்ட சுவர்கள் இனிப் பற்றமாட்டா. தேய்ந்த வார் பள்ளத்தில் ஆழ இறங்கி, அடி தரையைத் தொட்டுவிட்டதற்கும் அடையாளம் இருந்தது. அப்படிப்பட்டதை இறுக்குவதால் பேரிங் தேயுமே அன்றிப் பிடிப்பு வராது. சிலர் கூச்சலை அடக்கச் சோப்புக் கட்டியைத் தேய்ப்பர். அதனை இக்கா நாக்கைச் சப்புக்கொட்டி வெறுத்தார். மேலைநாட்டில் வழியில் வார் அறுந்தால் பெண்டிர் அணியும் நைலான் காலுறையை முடிந்து ஓட்டிப் போவார்கள் என்று யாம் படித்ததைச் சொன்னோம். "இங்கே முண்டைக் கிழித்துக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். இரண்டு மைல் போகும். அதற்குள் வீடு வரவேண்டும்" என்றார்.

கூச்சலைக் கண்டறிய அவர் கற்றுத்தந்த சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் ஓடும்போது வாரின்மேல் சிறிது தண்ணீர் தெளிக்க வேண்டும். கையும் துணியும் விசிறிக்கு எட்டாத தொலைவில் நிற்பது முக்கியம். ஓசை மிகுமாயின் வார் தளர்ந்திருக்கிறது. ஓசை சற்றே மறையுமாயின் கப்பிகள் ஒரு நேர்க்கோட்டில் இல்லை. அப்போது இறுக்கிப் பயனில்லை. மழைநாளில் மட்டும் அம்பாசிடர்கள் ஏன் அலறுகின்றன என்பது எமக்கு அன்றுதான் விளங்கிற்று. மட்டாஞ்சேரித் தெருநீர் நாள்தோறும் அச்சோதனையை இலவசமாகச் செய்து வந்திருக்கிறது!

புதிய வார் காகித உறையில் வந்தது. உறையைப் படித்துப் பார்த்தோம். மதுரை. கோச்சடையில் உள்ள பென்னர் ஆலையில் செய்தது. வங்கத்து வண்டி, மலையாளத்துக் கை, மதுரை வார்! கோச்சடையிலிருந்து கொச்சிக்கு என்று சொல்லிச் சிரித்தோம். தமிழாசிரியன் மோனையை விட மாட்டான் போலும். இக்காவுக்கு அது புரியவில்லை. ஆனாலும் உடன் சிரித்தார்.

வாரைப் பூட்டிய முறையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். எம் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. டைனமோ மேலே இரண்டு போல்ட்டுகளில் தொங்குகிறது. கீழே ஒரு வளைந்த இரும்புப் பட்டையில் நீண்ட துளை. அதன் வழியே மூன்றாவது போல்ட். அரை அங்குல ஸ்பானரால் மூன்றையும் தளர்த்தினால் டைனமோ ஊஞ்சல்போல் அசையும். அதனை எஞ்சினை நோக்கித் தள்ளி, வாரைக் கப்பிகளில் ஏற்றினார். ஸ்குரூடிரைவரால் நெம்பி ஏற்றவில்லை. நெம்பினால் உள்ளே உள்ள நூலிழைகள் அறுந்துவிடும் என்றார். அதன்பின் டைனமோவை வெளிப்புறமாக இழுக்க வேண்டும். அப்பணிமனையில் இதற்கு இரும்புக் கடப்பாறையைப் பயன்படுத்தியிருப்பார்கள் என்பது அவர் ஊகம். டைனமோவின் உடலில் புதிய நசுங்கல் ஒன்று இருந்தது. அவர் கையால் மட்டும் இழுத்தார். இழுத்த கையை எடுக்காமல் கீழுள்ள போல்ட்டை முதலில் இறுக்கினார், பிறகு மேலிரண்டை. மூன்றையும் ஒரேயடியாக முடுக்கவில்லை. முறைவைத்துச் சிறிது சிறிதாக முடுக்கினார்.

பிறகு எம்மை அழைத்தார். "மாஷே, விரலை வையுங்கள்."

வாரின் நீண்ட பகுதியின் நடுவில் விரலை வைத்து அசைத்தோம். உள்ளே அரை அங்குலம் சென்றது. வெளியே அரை அங்குலம் வந்தது. மென்மையாகத் தடுத்தது; அதற்குமேல் செல்லவில்லை. வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும் நாற்பதாண்டு கற்பித்தவர்கள் யாம். விதியைச் சொல்வது எளிது. எங்கே நிற்பது என்பதை மாணவனின் செவிக்குள் ஏற்றுவதே அரிது. அந்த அரை அங்குலத்தை அவர் எம் விரலுக்குள் ஏற்றிவிட்டார்.

இன்றைய புதுக்கார்களில் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. பல வரிகள் உள்ள ஒரே நீண்ட பட்டை எல்லாக் கப்பிகளையும் பாம்பு போல் வளைத்து ஓடுகிறது. சுருள்வில் பூட்டிய ஒரு சிறு உருளை அதனைத் தானே வேண்டிய அளவு இழுத்து வைத்துக்கொள்கிறது. நல்லதே. ஆனால் அதைப் பழுதுபார்க்கக் கற்றவர்க்கு விரலால் அளக்கும் பழக்கம் வரக் காரணமில்லை. பழைய வண்டி அவர் கைக்கு வந்தால், ஓசை நின்றதா என்று மட்டுமே கேட்பார். எர்ணாகுளத்துப் பணிமனையார் தீயவர்கள் என்று யாம் சொல்லவில்லை. அவர்கள் கற்ற காலத்தில் அவர்களுக்குக் கற்பிக்க இந்த வண்டி இல்லை, அவ்வளவே. எஞ்சினைப் பிரிக்காமலே தலை வளைந்துவிட்டது என்று சொன்னதைத்தான் மன்னிக்க இயலவில்லை.

எஞ்சினை ஓடவிட்டபோது கூச்சலும் இல்லை, உறுமலும் இல்லை. சிவப்பு விளக்கு உடனே அணைந்தது. ஆறாம் நாள் தமக்கையார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். பின்னிருக்கையில் அமர்ந்து காலைத் திருப்பி உள்ளே வைத்துக்கொண்டார். "உங்கள் அத்தான் எப்போதும் புது பெல்ட் ஒன்றை டிக்கியில் போட்டு வைப்பார், தம்பி. இருக்கிறதா பார்" என்றார். பார்த்தோம். கோணிச் சாக்கின் கீழே ஒன்று இருந்தது. ஆறாண்டுக்கு மேல் கிடந்து விறைத்துப்போய், மடக்கியதும் வெடிப்பு விட்டது. அதை அவரிடம் காட்டவில்லை. இருக்கிறது என்று மட்டும் சொன்னோம். பிறகு யாமே போய் இன்னொன்று வாங்கி அதே சாக்கின் கீழ் வைத்தோம்.

இக்கா வண்டியை விடுமுன் ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார். புதிய வார் முதலில் சிறிது நீளும்; பள்ளத்தில் படியும்; ஆகையால் இரண்டு வாரத்தில் திரும்பக் கொண்டுவர வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து வந்து, விரலை வைத்து அசைத்தார். முக்கால் அங்குலம் இருந்தது. மூன்று போல்ட்டுகளையும் தளர்த்தி, டைனமோவைக் கையால் சற்றே இழுத்து, மீண்டும் முடுக்கினார். ஐந்து நிமிட வேலை. கூலி என்ன என்று கேட்டதற்கு, "இது போன தடவையின் மீதி" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைக்கக் கந்தல் தேடினார்.